கடைசி பெஞ்சில் பத்து மணி பதினொரு நிமிடம்

இப்போது எங்கள் கல்லூரியில் மாணவர்கள் ஆசிரியர்களுக்குப் போனிலேயே நட்சத்திரம் போடுகிறார்களாம். பருவம் முடிந்ததும் யாருக்கு எத்தனை நட்சத்திரம் என்று பட்டியல் வந்துவிடுமாம். போன வாரம் வணிகவியல் துறையிலிருந்து இரண்டு பேர் என் வீட்டைத் தேடி வந்து இதைச் சொன்னார்கள். இரண்டு பேருமே வேலைக்குச் சேர்ந்து நான்கைந்து வருடம் ஆனவர்கள். அதில் ஒரு தம்பிக்கு முகமே சரியில்லை. நட்சத்திரம் குறைந்துவிட்டதாம்.

"பேச்சிக்கா, பழைய முதல்வர் இருந்தப்ப நீங்க வகுப்புல உக்காந்து நோட்டுல எழுதுவீங்களாமே. அதை ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்க. பாடத்தை நல்லா நடத்துறதுக்கு எங்களுக்கு உதவும்" என்றார் அவர்.

"நான் எட்டாங் கிளாசோட நின்னவ தம்பி."

"தெரிஞ்சுதான்க்கா கேக்குறோம்."

சரி என்று சொல்லிவிட்டேனே தவிர, அதற்குப் பிறகு நான்கு நாள் நிம்மதி போய்விட்டது. எழுதினால் யார் கோபப்படுவார்களோ, எழுதாவிட்டால் என்ன நினைப்பார்களோ என்று இரண்டு பக்கமும் கவலை. முழங்கால் வலி வேறு. மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். இது நான்காவது.

எனக்கு ஊர் ராசிங்காபுரம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி ஏலக்காய் எடுக்க மலைக்கு அனுப்பினார்கள். கல்யாணம் ஆகி, அவர் தவறிப்போய், முப்பத்தோரு வயதில் போடியில் இந்தக் கல்லூரியில் உதவியாளராகச் சேர்ந்தேன். மணி அடிப்பது, சுற்றறிக்கை கொண்டுபோவது, கரும்பலகை துடைப்பது, சாக்பீசு எடுத்து வைப்பது, தண்ணீர் வைப்பது. இருபத்தேழு வருடம் இதுதான் என் சோலி. மணி அடிக்கும் முன் அலுவலகக் கடிகாரம், நூலகக் கடிகாரம், என் கைக்கடிகாரம் மூன்றையும் பார்ப்பேன். மூன்றும் ஒத்துப்போகாது. எதை நம்புவது என்று தினமும் எட்டுத் தடவை பயந்திருக்கிறேன். என்ன தப்பு நடந்தாலும் அது என்னால்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிற பிறவி நான். அலமாரியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் பாதி தூரம் போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்த்த நாட்கள் உண்டு.

அந்த முதல்வரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெலிந்த ஆள். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அறைக்குள் யார் போனாலும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைப்பார். வெரசா முடி என்று அதற்கு அர்த்தம் இல்லை, உனக்கு நேரம் ஒதுக்கிவிட்டேன் என்று அர்த்தம். இது புரியவே எனக்கு ஒரு வருடம் ஆனது. இன்னொன்று, அவர் யாரிடமும் 'ஏன்' என்று கேட்க மாட்டார். 'எப்ப' என்றுதான் கேட்பார். ஒருமுறை என்னிடமே சொன்னார்: "ஏன்னு கேட்டா மனுசன் சாக்கு தேடுவான் பேச்சியம்மா. எப்பன்னு கேட்டா நேரத்தைத்தான் சொல்லணும்."

ஒருநாள் சுற்றறிக்கையோடு பொருளியல் வகுப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஆசிரியர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பின்னாலிருந்து முதல்வர் வந்தார். நான் பதறி ஒதுங்கினேன்.

"உள்ள என்ன நடக்குது?"

"ஏலக்காய் வெலை ஏறுனா டீக்கடைக்காரரு என்ன செய்வாருன்னு சொல்லிக்கிட்டிருந்தாருங்கய்யா. ரெண்டு காய் போடுற எடத்துல ஒண்ணு போடுவாரு, அப்புறம் வெறும் தோலைப் போடுவாருன்னு."

"புரியுதா?"

"அந்த மட்டுக்கும் புரிஞ்சுதுங்கய்யா. அப்புறம் போர்டுல குறுக்க ஒரு கோடு போட்டாரு, அதோட போச்சு."

"எப்ப போட்டாரு?"

கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன். என்ன தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அன்றைக்கு முழுவதும் அவர் அறைப் பக்கமே போகவில்லை. மறுநாள் கூப்பிட்டு ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் கொடுத்தார்.

முறை இதுதான். ஆசிரியர் கூட்டத்தில் முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட்டார். ஒளிவு மறைவு கிடையாது. வாரத்தில் இரண்டு வகுப்பு. கடைசி பெஞ்சில் கதவோரமாக நான் உட்கார வேண்டும். நோட்டில் இரண்டே விஷயம். வகுப்பு தொடங்கிய நேரம், எனக்குப் பாடம் கையைவிட்டுப் போன நேரம். நல்லது கெட்டது எழுதக்கூடாது. அடித்துத் திருத்தக்கூடாது. வகுப்பு முடிந்ததும் அவரிடம் கொடுத்தால், அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்து ஆசிரியர் கையிலேயே கொடுத்துவிடுவார். நகல் கிடையாது. "அது அவங்களுக்கு உள்ளது, நமக்கு இல்ல" என்பார்.

நான் முதல் நாளே அழாத குறையாகக் கேட்டேன். "எனக்கே மண்டையில ஏறாதுங்கய்யா. ஏறலைன்னா அவுகளைக் குத்தம் சொல்ல முடியுமா?"

"இந்த ஊர்ப் பிள்ளைக பாதிப் பேரு ஒன்ன மாதிரி வீட்டுல இருந்துதான் வருது. ஒனக்குப் புரியலைன்னா அது ஒன் தப்பு இல்ல. சொல்றவங்கதான் பாத்துக்கணும். அதை மட்டும் மனசுல வச்சுக்க."

பிறந்ததிலிருந்து யாரும் என்னிடம் சொல்லாத வார்த்தை அது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஆசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை. கணக்குப்பதிவியல் நடத்திய பெரியவர், "வாங்க பேராசிரியர் அம்மா, உக்காருங்க" என்று வகுப்பு முழுக்கச் சிரிக்கும்படி கும்பிடு போட்டார். அவர் வகுப்பில் மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் அவர் பலகைப் பக்கம் திரும்பிய ஐந்து நிமிடத்துக்குள் எனக்கு விட்டுப்போனது. எழுதிக்கொண்டே சுவரிடம் பேசுவார். எழுதுவதைச் சொல்ல மாட்டார், சொல்வதை எழுத மாட்டார். மூன்றாவது பக்கத்தை வாங்கியபின் ஒருநாள் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினார்.

"ஏம்மா, நான் திரும்பி நின்னா கேக்கலையா, புரியலையா?"

"கேக்குதுங்க சார். ஆனா யாருக்கோ சொல்ற மாதிரி இருக்குங்க."

அதன் பிறகு அவர் எழுதும்போது பேசுவதை நிறுத்தினார். எழுதுவார், திரும்புவார், பிறகு பேசுவார். அவ்வளவுதான் மாற்றம். அடுத்த பருவத்தில் அவர் வகுப்பில் மணி அடிக்கும்வரை கூடவே போக முடிந்தது.

வரலாறு நடத்திய அம்மா வகுப்பு வேறு மாதிரி. கடைசிவரை விட்டுப்போகவே இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவ்வளவு சிரிப்பு. முதல்வர் கடிகாரத்தை மேசையில் வைத்தார்.

"சரி, என்ன புரிஞ்சுது, சொல்லு."

யானை ஒன்று சேற்றில் மாட்டிய கதை ஞாபகம் இருந்தது. எந்த ராஜா, என்ன சண்டை, எதற்காக, ஒன்றும் ஞாபகம் இல்லை. அன்றுதான் நோட்டில் மூன்றாவது விஷயத்தைச் சேர்த்தார்: கடைசியாகக் கையில் இருந்தது என்ன. பிடித்திருப்பது வேறு, புரிந்திருப்பது வேறு. இதை அந்த நட்சத்திரத் தம்பிக்காகத்தான் எழுதுகிறேன்.

இனி என் கோளாறு. பக்கத்தைக் கிழித்துக் கொடுத்த பிறகு, யாராவது 'இப்படி எழுதினாள், அப்படி எழுதினாள்' என்று என் மேல் பழி போட்டால் என்ன செய்வது என்று பயம் வந்தது. அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் கொடுப்பதற்கு முன் இன்னொரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். பெயர், தேதி, நேரம், எல்லாம். சாக்பீசுப் பெட்டிக்கு அடியில் இருந்தது அந்த நோட்டு. முதல்வருக்குத் தெரியாது. நகல் கூடாது என்று அவர் சொன்னது எனக்கு நன்றாகத் தெரியும். பயத்தில் செய்தேன்.

செல்வராணி மேடம் சேர்ந்தது அந்த முதல்வரின் கடைசி வருடத்தில். புள்ளியியல் எடுக்கத் தற்காலிகமாக வந்தார். போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டு லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். அவர் அம்மா இன்னும் காய் எடுத்துக்கொண்டிருந்தார். மலையாளம் கலந்து பேசுவார், என்னைச் 'சேச்சி' என்பார். "மேடம் தமிழ்ல பேசுனா பாதி, மலையாளத்துல பேசுனா மீதி" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். ஆனால் அவர் வகுப்பு நேரத்தில் தாழ்வாரத்தில் ஒருவனும் நிற்க மாட்டான்.

அவர் வகுப்பில் நான் உட்கார்ந்தது ஒரே ஒரு முறை.

அன்று காலை ஒன்பதே முக்காலுக்குக் கேண்டீனில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சொன்னார்: "மெட்டு ரோட்டுல ஜீப்பு கவுந்துருச்சாம்ல. காயெடுக்கப் போன பொம்பளைகளாம்." என் தங்கச்சி சின்னத்தாயி தினமும் விடியற்காலையில் அப்படி ஒரு ஜீப்பில்தான் மலையேறுவாள். அவளிடம் போன் கிடையாது. இருந்தாலும் மேலே எடுக்காது. யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. பத்து மணிக்கு மணி அடித்தேன். கால்கள் தாமாகக் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டன. இன்றைக்கு முடியாது என்று சொல்லியிருக்கலாம். சோலி நேரத்தில் வீட்டுக் கவலை என்று சொல்வார்களோ என்று சொல்லவில்லை.

மேடம் பலகையில் மூன்று ஜீப்பு படம் போட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"மொத ஜீப்புல எட்டுப் பேரு. ரெண்டாவதுல பன்னெண்டு. மூணாவதுல எத்தனை பேரு?"

"டிரைவரு யாருன்னு சொல்லுங்க மேடம்!" என்றான் மலையடிவாரக் குரங்கணியிலிருந்து வரும் பையன் ஒருவன்.

"ஒங்க மாமாதான்."

"அப்ப இருவத்திரெண்டு!"

வகுப்பே அதிர்ந்தது. எனக்கு அந்த மூன்றாவது ஜீப்பு மட்டும் கண்ணுக்கு முன்னால் சாய்ந்தது. சன்னல் வழியாக மலையைப் பார்த்தேன். மேகம் இறங்கிக் கிடந்தது. மேடம் பேசிக்கொண்டே போனார். ஒரு சொல் காதில் விழவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து பதினொன்று. பழக்கம் எழுத வைத்தது. தொடங்கியது பத்து. விட்டுப்போனது பத்து பதினொன்று. கடைசியாகக் கையில் இருந்தது: ஜீப்பு.

நோட்டைக் கொடுத்தபோது முதல்வர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒடம்பு சரியில்லையா பேச்சியம்மா?"

"நல்லாத்தான் இருக்கேன்ங்கய்யா."

உண்மையைச் சொல்ல அவர் வழி திறந்துவிட்டார். நான் மூடிவிட்டேன். ஒனக்குப் புரியலைன்னா ஒன் தப்பு இல்ல என்று அவரே சொன்னதுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அந்த வார்த்தை பொருந்தாத ஒரே நாள் அதுதான்.

மத்தியானம் விஷயம் தெரிந்தது. கவிழ்ந்த ஜீப்பில் வந்தது பெண்கள் இல்லை, உர மூட்டை. டிரைவருக்குக் கையில் அடி. சாயங்காலம் சின்னத்தாயி ஏலக்காய்க் கறை படிந்த கையோடு வந்து நின்றாள். விஷயத்தைச் சொன்னேன். "நான் செத்தா மொதல்ல ஒனக்குத்தான் ஆள் விடச் சொல்லியிருக்கேன், கவலைப்படாத" என்று சிரித்தாள். அதற்குள் பக்கம் மேடம் கைக்குப் போய்விட்டது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று முதல்வர் ஓய்வு பெற்றுப் போயே விட்டார்.

அதன் பிறகு செல்வராணி மேடம் ஜீப்பு படம் போடவில்லை. தாழ்வாரத்தில் போகும்போது கேட்பேன். 'ஒரு தொழிற்சாலையில்' என்று ஆரம்பிப்பார். புத்தகத்தில் இருப்பதை அப்படியே. எந்தத் தொழிற்சாலையை இந்தப் பிள்ளைகள் பார்த்தார்கள்? அந்தக் குரங்கணிப் பையன் வெளியே வந்து சொன்னான்: "மின்ன மாதிரி இல்ல பேச்சிக்கா. மேடம் நிமிந்து பாக்குறதே இல்ல." என் பக்கம்தான் அவர் தலையைக் குனிய வைத்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தண்ணீர்க் குடத்தோடு கடந்து போனேன்.

அடுத்த வருடம் கல்லூரியின் தரத்தைப் பார்க்க வெளியிலிருந்து குழு வருவதாக இருந்தது. கற்பித்தலை மேம்படுத்த என்ன செய்தீர்கள், ஆதாரம் எங்கே என்று கேட்பார்களாம். அலுவலகக் கண்காணிப்பாளர் பதறிப்போய் என்னிடம் வந்தார்.

"பேச்சி, அந்தக் கடைசி பெஞ்சு விவகாரத்துக்கு ஏதாச்சும் காயிதம் இருக்கா? இருந்தா கொண்டா. இல்லைன்னா செஞ்சதெல்லாம் வாய்ப்பேச்சாப் போயிரும்."

சாக்பீசுப் பெட்டிக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், பெருமையாக இருந்தது. என் பயம் முதன்முறையாக யாருக்கோ உபயோகப்பட்டது என்று நினைத்தேன்.

அதைக் கணினியில் அட்டவணையாக அடித்தார்கள். ஆசிரியர் பெயர், எத்தனை நிமிடம் புரிந்தது. இரண்டே கட்டம். கடைசியாகக் கையில் இருந்தது என்ன என்பதற்குத் தாளில் இடம் பத்தவில்லை என்று விட்டுவிட்டார்கள். வந்த குழு பாராட்டிவிட்டுப் போனது. அட்டவணை மட்டும் போகவில்லை, கல்லூரிச் செயலாளர் மேசையிலேயே இருந்தது. அந்தக் கோடையில் இரண்டு தற்காலிக இடத்தை ஒன்றாகக் குறைத்தபோது அதை எடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கு நாற்பது நிமிடம். செல்வராணிக்குப் பதினொன்று.

செல்வராணி மேடத்துக்கு இனி வேலை இல்லை என்ற தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டியதும் நான்தான். ஒட்டிவிட்டு நேராகச் செயலாளர் அறைக்குப் போனேன். போகும் வழியில் இரண்டு முறை திரும்பினேன்.

"ஐயா, செல்வராணி மேடம் பேருக்கு நேரா இருக்குறது தப்புங்க. அன்னைக்கு எனக்கு மனசு சரியில்ல. அவுக பாடத்துல கோளாறு இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப மத்தவங்களுக்கு எழுதினதெல்லாம் சரியா?"

"சரிங்கய்யா. அது ஒண்ணுதான்."

"அதை யாரு நம்புறது? குழுகிட்டக் காட்டியாச்சு. ஒண்ணு பொய்யின்னா எல்லாமே பொய்யின்னு ஆகும். சரி, ஒண்ணு செய். அன்னைக்குப் பாடத்தைக் கவனிக்காம எழுதிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. நான் அதை வச்சுப் பேசுறேன்."

எனக்கு ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது. கையெழுத்து என்றதும் என்னென்னவோ ஓடியது. வேலை நேரத்தில் கவனிக்கவில்லை என்று நானே எழுதிக் கொடுத்தால் அது எங்கே போய் நிற்கும்? கணக்குப்பதிவியல் பெரியவர் கும்பிட்டபோது வகுப்பு சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது.

"நாளைக்குத் தர்றேன்ங்கய்யா" என்றேன்.

தரவில்லை. மறுநாள் அவர் கேட்கவும் இல்லை. கேட்காமல் இருந்தாரே என்று நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பத்து நாள் கழித்துப் போடி பேருந்து நிலையத்தில் செல்வராணி மேடத்தைப் பார்த்தேன். மலைமேல் போகும் பூப்பாறை பஸ்சுக்கு நின்றிருந்தார். காலடியில் புத்தகம் கட்டிய இரண்டு அட்டைப்பெட்டி. ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். அவரே கூப்பிட்டார்.

"சேச்சி, இவிட வாங்க. பெட்டியக் கொஞ்சம் பாத்துக்கோங்க, தண்ணி வாங்கிட்டு வந்துர்றேன்."

திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கேண்டீன், ஜீப்பு, தங்கச்சி, மேகம், நோட்டின் நகல், செயலாளர், நாளைக்கு என்று சொன்னது. திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வதாக இருந்தேன். அவர் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"அப்ப ஜீப்புல தப்பு இல்லையா?" என்றார்.

"இல்ல தாயி."

"ஒரு வருசமா அதை நான் எடுக்கவே இல்ல. ஜீப்புன்னு எழுதியிருந்துச்சா, எஸ்டேட்டுக்காரி எஸ்டேட்டுக் கதையே பேசுறான்னு நெனைக்கிறாங்கபோலன்னு விட்டுட்டேன்." பாட்டிலைக் கீழே வைத்தார். "அதுதான் எனக்கு நல்லா வந்த பாடம்."

பிறகு அவர் கீழே கிடந்த ஒரு சிறு கல்லை எடுத்து அட்டைப்பெட்டி மேல் கோடு போட்டார்.

"நீங்க எங்க விட்டீங்க? இருவத்திரெண்டுலயா? எட்டு, பன்னெண்டு, இருவத்திரெண்டு. சராசரி பதினாலு. இதுல பதினாலு பேரு போன ஜீப்பு ஒண்ணாச்சும் இருக்கா?"

"இல்ல."

"இல்லேல்ல? மொத ஜீப்புல ஆறு கொறவு. ரெண்டாவதுல ரெண்டு கொறவு. மூணாவதுல எட்டு கூட. கூடுனதையும் கொறஞ்சதையும் சேத்துப் பாருங்க."

"ஒண்ணுமில்லாமப் போயிரும்."

"ஆங். அங்க நெருக்கி உக்காந்தவ பட்ட பாடு, இங்க காலு நீட்டுனவ சொகத்தோட கழிஞ்சே போயிரும். அப்படிக் கழியக்கூடாதுன்னுதான் ஒவ்வொரு வித்தியாசத்தையும் அதாலயே பெருக்குறோம். பெருக்குனா எதுவும் எதையும் அழிக்க முடியாது. எல்லாம் கணக்குல நிக்கும். திட்ட விலக்கத்துக்கு வழி அதுதான் சேச்சி. புத்தகத்துல மூணு பக்கம்."

பஸ்சு வந்து நின்றது. பெட்டியை ஏற்றிக் கொடுத்தேன். படியில் ஏறியவர் திரும்பினார்.

"எப்ப வரைக்கும் புரிஞ்சுது?"

"முழுசும்" என்றேன். மணி பார்க்கவில்லை. கையில் நோட்டும் இல்லை.

மேலே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்ததாகப் பிறகு யாரோ சொன்னார்கள். எனக்குச் சரியாகத் தெரியாது. நான் மீதி மூன்று வருடத்தையும் மணி அடித்து முடித்தேன். கடைசி பெஞ்சில் யாரும் உட்காரச் சொல்லவில்லை.

பாடத்தை நல்லா நடத்த வழி சொல்லுங்கள் என்று கேட்டு வந்த அந்தத் தம்பிக்கு என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. நட்சத்திரம் குறைந்தால் உடனே ஜீப்பு படத்தை அழித்துவிடாதீர்கள். அந்தப் பெஞ்சில் இருந்தவருக்கு அன்று காலையில் என்ன சேதி வந்தது என்று ஒருதரம் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று ஒரு காகிதம் நான் பாக்கி வைத்திருந்தேன். அது இதுதான்.

செல்வராணி மேடம் வகுப்பு. தொடங்கியது பத்து மணி. விட்டுப்போனது பத்து பதினொன்று. கடைசியாகக் கையில் இருந்தது ஜீப்பு. பாடத்தில் குறை இல்லை. கேட்டவள் அங்கே இல்லை.

பேச்சியம்மாள்,
உதவியாளர் (ஓய்வு)